பொய்யில்லாத வயிற்றுவலி

பள்ளிக்கூடத்தில் நாலாம் ஆண்டு படிக்கும்போது எங்கள் வீட்டில் நான் பெயர் போன பொய்க்காரி. காலையில் காலில் சப்பாத்து மாட்டும் நேரம் பார்த்து எனக்கு வயிற்றைப் பிசையும்; உப்பிக்கொண்டு கடகடவென்று சத்தம் போடும். லீவு நாட்களிலும் வலித்ததுதான், அதை யார் பார்த்தார்கள்? மூத்தவள் ராத்தா வாசலில் நின்று, "உம்மா, இவளுக்கு இஸ்கூல் வயித்துவலி!" என்று அறிவிப்பாள். கட்டாரில் வேலை செய்த வாப்பாகூட ஃபோனில், "பொய் சொல்லப்படாது மகள்" என்றார். அதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை. வாப்பாவே நம்பாவிட்டால் பிறகு யார் நம்புவது!

இத்தனைக்கும் திகனயில் எங்கள் பாதையிலேயே கெட்டியாகப் பால் குடித்து வளர்ந்த பிள்ளை நான்தான். ஊருக்கு வருகிற ஆளிடமெல்லாம் வாப்பா ஒரு பெரிய பால்மா டின் கொடுத்தனுப்புவார். தினமும் காலையில் உம்மா பக்கத்தில் நின்று ஒரு கிளாஸ் முழுவதையும் குடிக்க வைப்பார்.

கடைசியில் கண்டியில் ஒரு டொக்டர், மூச்சை ஊத வைத்துப் பார்ப்போம் என்றார். நான் சொல்வது பொய்யா என்று மூச்சில் பிடிக்கப் போகிறார்கள் என நானே முடிவு கட்டிக்கொண்டேன். அதற்கு முதல்நாள் வெறும் சோறும் அவித்த கோழியும்தான். அதன் பிறகு பட்டினி. "நோன்பு எண்டு நினைச்சுக்கோ" என்றார் உம்மா.

ஆஸ்பத்திரியில் நேர்ஸ் முதலில் ஒரு குழாயில் ஊதச் சொன்னார். பிறகு பாலிலுள்ள சீனியை மட்டும் கரைத்த தண்ணீரைக் கோப்பையில் தந்தார். நான் வாயில் வைக்குமுன் உம்மா அதை வாங்கி, முந்தானையைத் தலையில் இழுத்துவிட்டு, கண்மூடி ஓதி, கோப்பைக்குள் மூன்று தரம் ஊதினார். காய்ச்சலோ பரீட்சையோ, எங்கள் வீட்டில் ஓதி ஊதிய தண்ணீர்தான் முதல் மருந்து. சிங்கள நேர்ஸ் பதறிப்போனார். "அம்மா, நீங்க ஊத வேணாம்! பிள்ளைதான் ஊதணும்!"

எல்லோரும் சிரித்தார்கள். எனக்கோ வேறு கவலை. உம்மா ஓதியதில் இன்றைக்கென்று பார்த்து நோய் குணமாகிவிட்டால்? நான் பொய்க்காரி என்று கடுதாசியிலேயே எழுதிக் கொடுத்துவிடுவார்களே! யா அல்லாஹ், நாளைக்குக் குணமாக்கு, இன்றைக்கு மட்டும் நல்லா வலிக்க வை என்று துஆக் கேட்டேன்.

அரை மணிக்கொரு தரம் ஊதினேன். இடையில் ஓடக் கூடாது, தூங்கக் கூடாது, கதிரையிலேயே இருக்க வேண்டும். நாலாவது தரம் ஊதும்போது வயிறு கடகடத்தது. அல்ஹம்துலில்லாஹ்! வயிற்றைப் பிடித்துக்கொண்டு பல்லைக் காட்டிச் சிரித்த பிள்ளையை அந்த நேர்ஸ் அதற்குமுன் பார்த்திருக்க மாட்டார்.

டொக்டர் கடுதாசியைப் பார்த்தார். "பால்ல உள்ள சீனி இவங்களுக்குச் செமிக்கிறதில்ல. குடல்ல கிடந்து புளிச்சு வாயுவாகி, மூச்சுல வெளிய வருது. பாலை நிப்பாட்டுங்க."

"அப்ப இவ நடிக்கல்லயா, டொக்டர்?" என்று உம்மா மெல்லக் கேட்டார். திரும்பி வரும்போது பஸ்ஸில் என் கையை விடவே இல்லை. கண் கலங்கியிருந்தது. நான் ஜெயித்த பவுசில் யன்னல் பக்கம் திரும்பியிருந்தேன்.

பின்னேரம் வாப்பா ஃபோன் எடுத்தார். நான் சொல்கிறேன், நீ பேசாதே என்று உம்மா கண்ணைக் காட்டினார். யார் கேட்டது? ஃபோனைப் பறித்துக்கொண்டு, "வாப்பா, நான் பொய் சொல்லல்ல! நீங்க அனுப்பின பாலாலதான் வயித்துவலி! இனி அனுப்ப வாணாம்!" என்று கத்தினேன்.

லைன் அறுந்துவிட்டதோ என்று ஹலோ, ஹலோ என்றேன்.

"வாப்பாவ மன்னிச்சுக்கோங்க மகள்" என்றார். பிறகு, "அப்ப இனி வாப்பா ஒங்களுக்கு என்னத்த அனுப்புற?" என்று கேட்டார்.

எனக்குப் பெருநாள்தான். கலர் பேனை, லைட் எரிகிற சப்பாத்து, சொக்லட் என்று அடுக்கினேன். "சொக்லட்லயும் பால் ஈக்குமே மகள்" என்றவரின் குரல் அடைத்துப்போயிருந்தது.

ஃபோனை உம்மாவிடம் கொடுத்துவிட்டு ஓடிப்போய், வாப்பாவுக்குத் தடிமன் பிடித்துத் தொண்டை கட்டியிருக்கிறது என்று ராத்தாவிடம் சொன்னேன்.