அடுப்புக்கடைக்கு எதிரே ஒரு வண்டி

தேநீர் வண்டிக்காரிக்கு வலது கையில் மூன்று விரல்கள் மடங்காது. கன்னத்திலிருந்து கழுத்துவரை தோல் இழுத்துப் பிடித்திருக்கும். கேஸ் அடுப்பு பழுதுபார்க்கும் அடுப்புக்கடைக்காரர் செய்த கைங்கரியம் அது.

கடையின் பின்னறையில் பெரிய சிலிண்டரைத் தலைகீழாகக் கவிழ்த்து, ரப்பர் குழாய் வழியாகச் சின்ன சிலிண்டர்களை நிரப்பிக் கொடுப்பார். சட்டப்படி குற்றம். எடை பார்ப்பதில்லை, தேய்ந்த வாஷரை மாற்றுவதுமில்லை. வாயு விரிய இடம் விடாமல் கழுத்துவரை நிரப்பிய ஒன்றுதான், உச்சி வெயிலில் இவள் வண்டியில் வால்வு வழியாகச் சீறி, எரிந்துகொண்டிருந்த அடுப்பில் பற்றியது.

மருத்துவமனையிலிருந்து வந்ததும் நேரே கடைக்குப் போனாள்.

“திறக்கத் தெரியாம திறந்துட்டு என்கிட்ட வந்து நிக்கிறியேம்மா,” என்றார் அவர், பல் குத்திக்கொண்டே.

அந்தப் பல்குச்சி அவள் நெஞ்சில் தைத்தது.

மறுநாளே வண்டியை அவர் கடைக்கு நேர் எதிரே நிறுத்தினாள். தேநீரை வீட்டிலேயே போட்டு பிளாஸ்க்கில் கொண்டுவந்தாள். சின்ன சிலிண்டரோடு யார் வந்தாலும் முந்தானையை விலக்கிக் கன்னத்தைக் காட்டுவாள்.

“உள்ள போறதுக்கு முன்னாடி இதையும் பாத்துட்டுப் போங்க. இங்க நிரப்புனதுதான்.”

பாதிப் பேர் வந்த வழியே திரும்பினார்கள்.

“போதும்க்கா, விட்டுத் தொலை,” என்றான் தம்பி.

“அவன் ஈ ஓட்டுறதப் பாக்கணும்டா. அதுவரைக்கும் எனக்குச் சாப்பாடு இறங்காது.”

கடைக்காரர் கெஞ்சிப் பார்த்தார், மிரட்டிப் பார்த்தார். கடைசியில், நடைபாதையை மறிக்கிறாள் என்று போலீசில் புகார் கொடுத்தார். தன் தலையில் தானே மண்ணை வாரிப் போட்டுக்கொண்டார்.

இரண்டு போலீஸ்காரர்கள் வந்தார்கள். அவள் சண்டை போடவில்லை.

“வண்டிய எடுத்துடறேங்க. அவரு பின்னறைய மட்டும் ஒரு தடவ பாருங்க. இப்பவும் நிரப்பிட்டுத்தான் இருக்காரு. வாடை வருதுல்ல?”

மூத்தவர் மூக்கைச் சுளித்தார். வாடை வந்தது. உள்ளே போனபோது, கவிழ்த்த சிலிண்டரும் கையில் குழாயுமாகக் கடைக்காரர் குந்தியிருந்தார்.

ஜீப்பில் ஏறும்போது திரும்பினார். “பிள்ளகுட்டிக்காரன்மா நான். நீ ஒரு வார்த்த சொன்னா விட்டுடுவாங்க.”

“எனக்கும் பிள்ளைங்க இருக்கு. இந்த முகத்தப் பாத்துட்டு ரொம்ப நாள் கிட்டவே வரல.”

முகத்தைத் திருப்பிக்கொள்ளாமல், ஜீப் மறையும்வரை பார்த்தாள். அன்று வயிறாரச் சாப்பிட்டாள்.

ஜாமீனில் வந்தவர் கடையைக் காலி செய்துகொண்டு சந்தைக்குப் பின்னால் போய்க் கடை போட்டுவிட்டார். அங்கே வண்டி நிறுத்த இடம் கிடைக்குமா என்று அவள் விசாரித்துக்கொண்டிருக்கிறாள்.