விளக்கேற்றாத நாட்கள்

அடிப்பதற்கு முன் என் புருஷன் என் இடது கையின் மேற்பக்கத்தை இறுக்கிப் பிடிப்பான். அந்த நாட்களில் 'அவர்' என்றுதான் சொல்வேன். இப்போது அந்த மரியாதை என்னிடம் மிச்சமில்லை.

குடும்பக் கட்டுப்பாட்டு கிளினிக்கில் யாழ்ப்பாணத்து நர்ஸ் அதே இடத்தைத்தான் தொட்டுக் காட்டினார்.

"இதிலை தோலுக்குக் கீழ சின்னக் குச்சி ஒண்டு வைப்பம், பிள்ளை. வருசக்கணக்கா யோசிக்கத் தேவையில்லை."

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. சட்டைக் கையை உயர்த்தினேன். அவனுடைய விரல்கள் நீலமும் மஞ்சளுமாக அங்கே பதிந்திருந்தன. அந்தக் குச்சி அவன் பிடிக்குத் தப்பாது. நர்ஸ் என் சட்டைக் கையை இறக்கிவிட்டார்.

மாத்திரை முன்பே பிடிபட்டிருந்தது. அரிசி வாளிக்குள் ஒளித்ததை மாமியார் எடுத்துக் கொடுக்க, அவன் அட்டையோடு என் வாயில் திணித்தான். உதடு கிழிந்தது. அதன்பின் தங்கிய கருவையும் அவனே உதைத்துக் கலைத்தான். பிள்ளை வேண்டும் என்று அடித்தவனும் அவன்தான்.

கலஹா தேயிலைத் தோட்டத்தில் இருந்த அண்ணன் ஃபோனில் சொல்லியிருந்தான்:

"பக்கத்துக் காம்பரா காலியாகட்டும், மகளோட வந்துரு. ஆனா வயித்துலயும் ஒன்னு இருந்தா நாங்க என்னாத்த செய்யிறது?"

அந்த லயத்து அறை காலியாகும்வரை என் வயிறும் காலியாக இருக்க வேண்டும். எனக்கு வேண்டியிருந்தது அவ்வளவுதான்.

குச்சிக்குப் பதில் ஊசி போட்டுக்கொண்டேன். மாதவிடாய் நின்றுபோகலாம் என்று நர்ஸ் சொன்னபோது எனக்கு அது நல்ல செய்தியாகவே பட்டது. புத்தி கெட்டவள் நான்! எங்கள் வீட்டில் தீட்டு நாட்களில் சாமி விளக்கைத் தொடக்கூடாது. மாமியார்தான் ஏற்றுவார். நானோ இரத்தம் நின்ற சந்தோஷத்தில் நாள் தவறாமல் ஏற்றிக்கொண்டிருந்தேன். கெட்டிக்காரன் புளுகு எட்டு நாளைக்கு என்பார்கள். என்னுடையது கொஞ்சம் கூடுதலாக ஓடியது.

மாமியார் முதலில் பூரித்துப்போனார். கட்டுகஸ்தோட்டைக் கடைத்தெருவெல்லாம் கற்கண்டு கொடுத்தார். பிறகு டாக்டரிடம் கூட்டிப்போனார். வயிற்றில் ஒன்றும் இல்லை என்று தெரிந்ததும் வீட்டுக்கு வந்து மகனிடம் சொன்னார்: "இவ ஊசி போட்டிருக்கா."

அன்று அவன் தூக்கி அடித்த கதிரையின் கால் உடைந்தது. என் விலா எலும்பும் உடைந்தது. தொலைக்காட்சிச் சத்தத்தைக் கூட்டினார்கள் பக்கத்து வீட்டார். மாமியார் குசினியில் வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தார்.

மறுபடியும் நர்ஸிடம் போனேன். கர்ப்பப்பைக்குள் வைக்கிற லூப் இருக்கிறது, மாதவிடாய் வழக்கம்போல வரும், கொஞ்சம் கூடுதலாகவும் போகலாம் என்றார்.

"எவ்வளவு போனாலும் பரவாயில்ல மிஸ், வந்தா போதும்."

"பொலிசுக்கும் போவம், பிள்ளை. நானும் வாறன்."

"மொதல்ல இத வைங்க."

வலித்தது. ஆனால் அது நானே கேட்டு வாங்கிய வலி. ஊசி மருந்து தீர்ந்து இரத்தம் வந்ததும் விளக்கிலிருந்து ஒதுங்கி நின்றேன். மாமியார் ஏற்றினார். இனி ஊசி இல்லை என்று அவர் முகத்தில் திருப்தி. எனக்கு அதைவிடத் திருப்தி.

காம்பரா காலியான செய்தி வந்த அன்று எனக்கு மூன்றாம் நாள். துணிப்பையைக் கட்டி மகளைக் கூப்பிட்டேன். அவன் வாசலை மறித்துக் கையைப் பிடித்தான், அதே இடத்தில். உதறிக்கொண்டு சாமி அறைக்குள் ஓடினேன். என்ன நினைத்தேனோ தெரியாது, தீப்பெட்டியை உரசி விளக்கை ஏற்றிவிட்டேன்.

"மூணாம் நாள் மாமி, இன்னும் போவுது!"

மாமியார் அலறினார். என் விலா உடைந்த அன்று வராத சத்தம் அது. "ஐயோ, தீட்டோட வெளக்கத் தொட்டுட்டாளே!" தொலைக்காட்சிகள் நின்றன. தெருவே வாசலில் திரண்டது. அத்தனை பேர் முன்னால் அவன் கை மேலே எழவில்லை.

மகளைத் தூக்கிக்கொண்டு, இரத்தம் போகப் போக, அவர்கள் நடுவே நடந்தேன். என்மேல் பட்டுவிடக்கூடாது என்று எல்லாரும் ஒதுங்கி வழிவிட்டார்கள்.