என் பெயரில் இருந்த பிரெஞ்சு நாவல்

எழுபதுகளில் சனிக்கிழமைதோறும் பொன்னேரியில் ரயிலேறி மெட்ராசுக்குப் பிரெஞ்சு படிக்கப் போவேன். அதே வகுப்புக்குக் கும்மிடிப்பூண்டியிலிருந்து கனகா வருவாள். பிரெஞ்சுப் படம் போட்டால் அவள் சரியான இடத்தில் சிரிப்பாள். அவளைப் பார்த்துத்தான் நான் சிரிப்பேன். வயிறு எரியும்.

வகுப்பு நடந்த இடத்து நூலகத்தில் ஒரே பிரதி இருந்த ஒரு நாவலை அவள் கேட்டாள் என்று தெரிந்ததும் முந்திக்கொண்டு எடுத்துவிட்டேன். அவளுக்குக் கிடைக்கக் கூடாதென்றே மூன்று மாதம் புதுப்பித்துக்கொண்டிருந்தேன். நானோ பதினோராம் பக்கத்தைத் தாண்டவில்லை.

ஒருநாள் மதியம், திரும்பும் ரயிலில் எதிரே உட்கார்ந்த கனகா, அந்த நாவல் என் மடியில் பதினோராம் பக்கத்தில் விரிந்திருந்ததைப் பார்த்துவிட்டாள்.

"இன்னா சார், இன்னும் இங்கியே நின்னுகினு கீறீங்க? குடுங்க, நான் படிச்சிச் சொல்றேன்."

பிரெஞ்சில் வாசித்து, நம்மூர்த் தமிழில் சொல்லிக்கொண்டே வந்தாள். கதையிலிருந்த பாரிஸ்காரி எங்கள் தெருப் பெண்கள் மாதிரியே புருஷனோடு மல்லுக்கு நின்றாள்.

திடீரென்று நிறுத்தினாள். "சார், உங்க பொன்னேரி போயிடுச்சே!"

"போனா போவுது. நீ மேல சொல்லும்மா" என்றேன்.

கும்மிடிப்பூண்டியில் புத்தகத்தை அவளிடமே கொடுத்துவிட்டு, அடுத்த ரயிலில் ஊர் திரும்பினேன்.

பல வருஷம் கழித்து அந்த நாவலை நானே முழுசாகப் படித்தேன். கனகா சொன்ன அளவுக்கு அது நன்றாக இல்லை. மறுபடியும் வயிறு எரிந்தது.