சிவப்பு அரளி வந்த அமாவாசை

அந்த மலையடிவார ஊருக்குள் திரும்பும் இடத்தில் ஒரு டிரான்ஸ்பார்மர். சுற்றிலும் கம்பிவேலி. வேலிக்குள் உசிலைக் கன்றுகளும் வேங்கைக் கன்றுகளும் இடுப்புயரம் வளர்ந்திருந்தன. வெளியே அதே கன்றுகள் ஆடு கடித்த குச்சிகளாக நின்றன. வண்டியை நிறுத்தி, ஹெல்மெட்டைக்கூடக் கழற்றாமல் பார்த்தேன். ஊர் அம்மன் கோயிலுக்குப் பின்னாலிருக்கும் மலைச்சரிவை இரண்டு வருஷம் மேய்ச்சலுக்கு மூடினால் போதும், ஒரு கன்றுகூட நட வேண்டாம், காடு தானே எழுந்துவிடும் என்று அங்கேதான் தோன்றியது.

எனக்கு வேலை டவுனில், கணபதிப் பக்கம், பம்ப்செட் பாகங்கள் செய்யும் பட்டறையில். ஞாயிறானால் மரம், காடு பார்க்கத் துடியலூர் தாண்டி அந்த அடிவாரத்துக்குப் போய்விடுவேன். சரிவைப் பார்த்துக்கொள்வது ஊர் வனக்குழுவின் பொறுப்பு. மூடுவதா வேண்டாமா என்று அவர்கள்தான் சொல்ல வேண்டும்.

கூட்டத்தில் போட்டோக்களைக் காட்டி மூச்சுவிடாமல் பேசினேன். "டிரான்ஸ்பார்மருக்கு ஒரு பொங்கல் வெச்சுரலாங்களா அம்மணி?" என்றார் குழுத் தலைவர். எல்லோரும் சிரித்தார்கள். சிரித்து முடித்து ஆளாளுக்குச் சரிங்க என்றார்கள். அந்தச் சரிவில் தினமும் ஆடு மேய்க்கும் அக்காவும், செஞ்சுபோடலாங்க என்றார். எனக்கு அது போதும். அமாவாசைக்கு ஆத்தாவிடம் பூ கேட்டுவிட்டு ஆரம்பிக்கலாம் என்று தலைவர் சொன்னபோது, சடங்குதானே என்று தலையாட்டினேன். எல்லைக்கல் எங்கே நடுவது என்று வரைந்தே வைத்துவிட்டேன்.

அமாவாசையன்று வெள்ளைப் பூ ஒரு இலையில், சிவப்பு அரளி ஒரு இலையில், ஒன்றுபோல மடித்து ஆத்தாவின் காலடியில் போட்டார்கள். வெள்ளை வந்தால் மூடலாம். சிவப்பு வந்தால் கூடாது. பூசாரி ஒன்றை எடுத்துப் பிரித்தார். சிவப்பு.

ஆத்தா உத்தரவு கொடுக்கலீங்க என்று தலைவர் மெதுவாகச் சொன்னார். அவ்வளவுதான். பேச்சு மழைக்குப் போனது, தக்காளிக்குப் போனது. இலையில் சுடச்சுடப் பொங்கல் கொடுத்தார்கள். கைக்குச் சூடு தெரியவில்லை. அழுகை வரவில்லை, கோபமும் வரவில்லை. தின்றேன். உப்பு இருந்ததா என்று கேட்டால் சொல்லத் தெரியாது.

ஆட்டுக்கார அக்கா பக்கத்தில் வந்து உட்கார்ந்தார்.

"மூடலையேன்னு வருத்தமா கண்ணு?"

தெரியலீங்க அக்கா என்றேன்.

"எனக்கு இப்பத்தான் மூச்சு வருதுங்க. ரெண்டு வருசம் மூடுனா ஆட்டையெல்லாம் வித்துபோட்டு மில்லு வேலைக்குத்தான் போகோணும்."

கூட்டத்திலேயே சொல்லியிருக்கலாமே என்றேன்.

"ஊடு தேடி வந்து கேக்கற புள்ளகிட்ட மூஞ்சிக்கு நேரா எப்படிங்க வேண்டாங்கறது? ஆத்தான்னா சொல்லிருவா."

நானும் இந்தப் பேச்சில் பிறந்து வளர்ந்தவள்தான். முடியவே முடியாத ஆர்டருக்குப் பட்டறையில் பாத்துக்கலாங்க என்று சொல்வதைத் தினம் கேட்கிறேன். அதைக் கேட்டு அங்கே யாரும் சரக்கு ஏற்ற லாரிக்குச் சொல்லி அனுப்புவதில்லை. நான் மட்டும் எல்லைக்கல் வரை போய்விட்டேன். இதுவும் ஏதோ தூரத்தில் யாருக்கோ நடந்ததுபோல இருந்தது.

சரிவின் நடுவே ஒரு பள்ளம் இறங்குகிறது. அதற்குத் தெற்கே மட்டும் மூடினால் என்ன என்று கேட்டேன். வடக்குப் பக்கம் ஓட்டிக்குவேனுங்க என்றார் அக்கா. அதையும் கூட்டத்தில் சொன்ன அதே குரலில்தான் சொன்னார்.

அதனால் இந்த ஞாயிறு போட்டோ, பேச்சு எதுவும் இல்லை. காலையில் அவர் பட்டியைத் திறக்கும்போதே போய், வடக்குப் பக்கம் முழுக்க ஆடுகளோடு நடக்கப்போகிறேன். சாயங்காலம் ஆடுகளின் வயிறு நிறைந்திருந்தால்தான், தெற்குப் பாதிக்கு அடுத்த அமாவாசையில் பூ கேட்பது.