ஏழாம் வகுப்பின் அடைக்கோழி

மெற்றில்டா டீச்சருக்குப் புத்தகத்தை வாசித்துக்காட்டிப் படிப்பிக்கப் பிடிக்காது. கண்ணால் பார், கையால் தொடு என்பாள். கொட்டாஞ்சேனையில் ஒரு மடத்துப் பள்ளிக்கூடத்தில் ஏழாம் வகுப்புக்கு விஞ்ஞானம் அவள்தான். நான் அடுத்த வீட்டுக்காரி. அவள் ஆடிய கூத்தெல்லாம் அன்றன்றே என் காதுக்கு வந்துவிடும்.

முப்பத்தெட்டாம் ஆண்டு வகுப்பு மூலையில் ஒரு கோழியை அடைவைத்தாள். சில நாளைக்கொரு முட்டையை உடைத்து, உள்ளே குஞ்சு உருவாவதைப் பிள்ளைகளுக்குக் காட்டுவாள். மிச்ச முட்டைகள் கிறிஸ்து உயிர்த்த ஞாயிறுக்குப் பொரிக்குமாம். அதற்கு முன்னால் தபசு காலம் கிடக்கிறதே, இறைச்சியைக்கூடத் தொடாத நாட்கள், அது இந்த மடைச்சிக்கு நினைவே வரவில்லை.

மூன்றாவது முட்டையில் கடுகளவு இதயம் துடித்தது. பார்த்துக்கொண்டிருக்கவே நின்றது. ஐறீன் என்ற பிள்ளை விம்மி விம்மி அழுதாள்.

அடுத்த கிழமை பள்ளிக்கூட இன்ஸ்பெக்டர் வந்தார். அவர் நல்லபடி எழுதினால்தான் டீச்சருக்கு வேலை நிரந்தரம். வீட்டில் உழைப்பவள் அவள் ஒருத்திதான். துடிக்கிற இதயத்தைக் காட்டுகிறேன் என்று பெருமையோடு முட்டையை உடைத்தாள். கிண்ணத்தில் வெறும் மஞ்சள் கரு.

"ஒம்லெட்டுக்கு நல்ல முட்டை, மிஸ்," என்றார் அவர்.

ஐறீன் எழும்பினாள். "டீச்சரில பிழையில்ல, சேர். அது கடை முட்டை. நாங்கள்தான் மாத்தினனாங்கள். உயிருள்ளதெல்லாம் எங்கட வீட்டுக் கோழியிட்ட இருக்கு. தபசு காலத்தில கொல்லக்கூடாதெல்லோ?"

"உயிருள்ளது எதெண்டு எப்பிடித் தெரியும்?"

"மெழுகுதிரிக்கு முன்னால பிடிச்சுப் பார்த்தனாங்கள். உள்ளுக்குச் சிவப்பா நரம்பு ஓடும்."

"டீச்சர் சொல்லித் தந்தவவோ?"

"இல்ல, சேர். டீச்சருக்கு உடைக்கத்தான் தெரியும்."

இன்ஸ்பெக்டர் ஒரு முட்டையை எடுத்துவரச் சொன்னார். ஐறீன் வீட்டுக்கு ஓடிப்போய்த் துணியில் பொதிந்து கொண்டுவந்தாள்.

"சரி, இதை உடையுங்கோ, மிஸ். இதயத்தைப் பார்த்திட்டு நல்லபடி எழுதிறன்."

டீச்சர் கத்தியை எடுத்தாள். ஐறீனைப் பார்த்தாள். கத்தியை மேசையில் வைத்துவிட்டாள்.

"வேண்டாம், சேர். பிள்ளையள், ஜன்னலைச் சாத்துங்கோ. ஆராவது ஒரு மெழுகுதிரி கொண்டு வாங்கோ."

மனுசன் தொப்பியை எடுத்துக்கொண்டு போய்விட்டார். இருட்டில் எல்லாரும் தலையோடு தலை முட்டி அந்தச் சிவப்பு நரம்புகளைப் பார்த்தார்களாம். எங்கள் டீச்சர்தான் கடைசிவரை முட்டையைக் கையிலிருந்து விடவில்லையாம்.

வேலை நிரந்தரமாக மேலும் இரண்டு வருடம் பிடித்தது. அந்த முட்டையில் பொரித்த குஞ்சை ஐறீன் டீச்சருக்கே கொடுத்தாள். அது சேவலாகி, விடியமுன்னமே கூவி என் நித்திரையை நாசமாக்கியது. நத்தார் பண்டிகைக்குக் கறிவைப்போமே என்று ஒரு வார்த்தைதான் சொன்னேன். தைப்பொங்கல் கழிந்தும் அவள் என்னோடு முகம்கொடுத்துக் கதைக்கவில்லை.