முருகையன் விட்டுக்கொடுத்த ஆட்டங்கள்

மரக்காணம் உப்பளத்தில் முருகையனைத் தெரியாதவர்கள் கிடையாது. வேலையில் கெட்டிக்காரன்தான், ஆனால் அதற்காக அல்ல. அங்கே வேலை எல்லோருக்கும்தான் தெரியும். நாற்பத்தொரு வயது வரைக்கும் எதிலுமே தோற்காத மனிதன் அந்த வட்டாரத்தில் அவன் ஒருவன்தான், அதற்காக. தோற்கவில்லை என்று சொல்வது யார் என்று கேட்கிறீர்களா? அவனேதான்.

எட்டாம் வகுப்பில் பெயிலானான். "வாத்தியாருக்கு என்னைப் பிரிய மனசில்ல, அதான் இன்னொரு வருசம் வெச்சிக்கிட்டாரு" என்றான். பொங்கல் கபடியில் நான்கு பேர் சேர்ந்து அமுக்கினார்கள். "மூச்சு இருந்துச்சு, அவனுங்க ஆசையா புடிச்சிருந்தானுங்க, போனா போவுதுன்னு படுத்துக்கினேன்" என்றான். குப்புற விழுந்தாலும் மீசையில் மண் ஒட்டவில்லை என்பார்களே, அந்தப் பழமொழி நடந்து வந்தால் இவன் மாதிரிதான் இருக்கும். மீசையும் அதற்கேற்ற மாதிரி பெரிது.

பதினாறு வயதில் உப்பளத்தில் இறங்கியவன். விடிவதற்கு முன்னால் போய், பாத்தியில் விளைந்த உப்பைப் பலகையால் வாரி, வரப்பில் குவித்துவிட்டு வெயில் உச்சிக்கு ஏறும்போது கரையேறுவான். இருபத்தைந்து வருடம் வெள்ளையையே பார்த்துப் பார்த்து அவன் கண்கள் எப்போதும் சுருங்கியே இருக்கும். அவன் மனைவி ஜெயா அதே அளத்தில் உப்புக்கூடை சுமக்கிறாள். அவள் தன் புருஷனின் பேச்சைக் கேட்டுச் சிரித்துச் சிரித்தே காலத்தை ஓட்டிவிட்டாள் என்று சொல்ல வேண்டும். பொய்தான், ஆனால் யாருக்கும் வலிக்காத பொய் என்று அவள் நினைத்திருந்தாள். ஒரு பொய் வலித்தது.

அவர்களுடைய ஒரே மகள் தமிழ்நிலா. நான்காம் வகுப்பு படிக்கும்போது பள்ளிக்கூடத்தில் செஸ் கற்றுக்கொண்டு வந்தாள். தேர்த் திருவிழாக் கடையில் ஒரு செட் வாங்கினார்கள். இரண்டாவது வாரமே கறுப்பு மந்திரி ஒன்று காணாமல் போனது. அந்த இடத்தில் பன்னீர் சோடா பாட்டிலின் மூடி ஒன்றை வைத்தார்கள். மந்திரி போலவே மூடியும் குறுக்கே பாயும் என்று ஒப்பந்தம். சாயங்காலம் சோறு வேகும் நேரத்தில் தினமும் ஓர் ஆட்டம். தமிழ்நிலாவுக்கு எப்போதும் வெள்ளை, முருகையனுக்கு எப்போதும் கறுப்பு.

"நாள் முழுக்க வெள்ளையையே பாத்துட்டு வர்றேன், வூட்லயாச்சும் கறுப்பைக் குடு" என்பான்.

கறுப்பை வாங்கிக்கொண்டு தோற்பான். ஒரு நாள் இரண்டு நாள் அல்ல, இரண்டு வருடம். ஒரு ஆட்டம்கூட ஜெயித்ததில்லை. அந்தப் பெண் உட்கார்ந்த இடத்தில் காலை ஆட்டிக்கொண்டே, சோளப்பொரி தின்றுகொண்டே, பெற்ற தகப்பனை மூலையில் தள்ளி மடக்கிவிடும்.

இது டீ நேரத்தில் அளத்தில் பேச்சாக வந்தது. "இன்னாபா, தெனமும் பொண்ணுகிட்ட தோக்கறியாமே?" என்று கூட்டாளி மோகன் கேட்டான். முருகையன் டீயை ஒரு வாய் உறிஞ்சினான். மீசையைத் துடைத்தான்.

"தோக்கறதா? புள்ள மொகம் வாடிடுமேன்னு விட்டுக்குடுக்கிறேன்டா."

எல்லோருக்கும் நெஞ்சு உருகிவிட்டது. மோகன் அதைத் தன் வீட்டில் சொன்னான், அவன் வீடு தெருவில் சொன்னது. பிள்ளை வளர்ப்பு என்றால் முருகையனைப் பார்த்துக் கற்றுக்கொள்ள வேண்டும் என்று பெண்கள் தங்கள் புருஷன்மார்களை இடித்தார்கள். ஊர் வாயை மூட உலைமூடி கிடையாது என்பது புகழுக்கும் பொருந்தும் போலிருக்கிறது.

பேச்சு சுற்றிச் சுற்றி ரேஷன் கடை வரிசையில் தமிழ்நிலாவின் காதில் விழுந்தது. வீட்டுக்கு வந்தவள் சோறு வேண்டாம் என்றாள். பிறகு நேராகக் கேட்டாள்.

"ப்பா, நீ எனக்கு விட்டுக்குடுக்கிறியா?"

இல்லை என்று சொல்லியிருக்கலாம். ஒரு சொல்தான். ஆனால் நாற்பது வருடப் பழக்கம் ஒரு நொடியில் போகுமா? "எப்பவும்னு சொல்ல முடியாது" என்று இழுத்தான் முருகையன்.

அதோடு அந்தப் பெண்ணின் சந்தோஷம் போனது. ஆட்டம் நிற்கவில்லை, தினமும் ஜெயித்தாள், ஆனால் ஜெயித்த பிறகு அவன் முகத்தையே உற்றுப் பார்ப்பாள். தான் நன்றாக ஆடுகிறோமா, இல்லை அப்பா கொடுத்ததா என்று அவளுக்கே தெரியாமல் போய்விட்டது. பதினொரு வயதுப் பிள்ளைக்கு அது பெரிய துக்கம். முருகையனும் அதைப் பார்த்தான். உண்மையைச் சொன்னால் அளத்தில் தலை காட்ட முடியாதே என்று வாயை மூடிக்கொண்டான். வேறு எதற்கும் மூடாத வாய்.

மே மாதத்தில், கிழக்குக் கடற்கரைச் சாலையில் உள்ள கல்யாண மண்டபத்தில் சனி, ஞாயிறு இரண்டு நாள் செஸ் போட்டி என்று நோட்டீஸ் வந்தது. பிள்ளைகளைக் கூட்டி வரும் பெற்றோர் சும்மா உட்கார வேண்டாம், அவர்களும் ஒரே பட்டியலில் ஆடலாம் என்று போட்டிருந்தது. தமிழ்நிலா யாரையும் கேட்கவில்லை. தன் பெயரை எழுதி, கீழேயே 'மு. முருகையன், தந்தை' என்றும் எழுதிக் கொடுத்துவிட்டு வந்தாள்.

"என்னை ஏன்டி கோத்து வுட்ட?"

"அங்க யாரும் உன் பொண்ணு இல்ல. யாருக்கும் விட்டுக்குடுக்க வேணாம். நீ எப்படி ஆடறன்னு நான் பாக்கணும்."

ஜெயா அடுப்படியில் சிரிப்பை அடக்க முந்தானையை வாயில் வைத்துக்கொண்டாள்.

வெள்ளிக்கிழமை கோடை மழை கொட்டி, பாத்தியில் இருந்த உப்பெல்லாம் கரைந்து போனது. இரண்டு நாளுக்கு அளத்தில் யாருக்கும் வேலை இல்லை. வேலை இருந்தால் அதைச் சாக்காகச் சொல்லித் தப்பித்திருப்பான். வானம் அந்த வாசலையும் அடைத்தது.

சனிக்கிழமை காலை, முதல் ஆட்டம். முருகையனுக்கு வெள்ளைக் காய்கள் வந்தன. எதிரே புதுச்சேரியிலிருந்து வந்த கண்ணாடிக்காரர். கடிகாரத்தைத் தட்டினார்கள், மண்டபம் அமைதியானது. முருகையன் கைகட்டி மரியாதையாகக் காத்திருந்தான். கண்ணாடிக்காரரும் காத்திருந்தார். பெரிய மனிதர், நிதானமாக யோசிக்கிறார் என்று முருகையன் நினைத்துக்கொண்டான். எட்டு நிமிடம் இப்படியே போனது.

கடைசியில் அவர் குனிந்து மெதுவாக, "சார், வெள்ளைதான் மொதல்ல ஆடணும்" என்றார்.

தெரியாதா என்ன? தெரியும். ஆனால் இரண்டு வருடத்தில் எதிராளி ஒரு காயை நகர்த்தாமல் அவன் கை ஒரு நாளும் நகர்ந்தது கிடையாது. எதை எடுத்து எங்கே வைத்து ஆரம்பிப்பது என்று அந்த நிமிடம் வரை அவன் யோசித்ததே இல்லை. அந்த ஆட்டம் பத்தாவது நகர்த்தலில் முடிந்தது. "பாவம், தூரத்துலேருந்து வந்திருக்காரு" என்று வெளியே வந்து ஆரம்பித்தவன், மகளின் பார்வையைக் கண்டு நிறுத்திக்கொண்டான்.

ஆனாலும் ஆண்டவன் அவனைக் கைவிடவில்லை. இரண்டாவது ஆட்டத்தில் எதிராளி போன் பேச வெளியே போய்ப் போய் வந்ததில் நேரத்தைக் கோட்டை விட்டார். மூன்றாவதில் எதிராளி வரவே இல்லை, அந்தப் புள்ளியும் இவனுக்கே. நான்காவதில் தோற்றான். ஞாயிற்றுக்கிழமை காலை ஐந்தாவதில், திண்டிவனத்துக் கல்லூரி மாணவர் ஒருவரைக் கறுப்புக் காய்களோடு உண்மையாகவே ஜெயித்தான். மூடி இல்லாத முழு செட்டில் இரண்டு மந்திரிகளும் நிமிர்ந்து நிற்பதைப் பார்க்க அவனுக்கே ஆசையாக இருந்தது. ஐந்துக்கு மூன்று புள்ளி. தமிழ்நிலா பெரிய பெரிய ஆட்டக்காரர்களோடு மோதி மூன்றில் ஜெயித்து இரண்டில் தோற்றிருந்தாள். அவளுக்கும் மூன்று.

மத்தியானம் கடைசிச் சுற்றுக்கான பட்டியல் ஒட்டினார்கள். ஒன்பதாம் மேசை: வெள்ளை, மு. தமிழ்நிலா. கறுப்பு, மு. முருகையன்.

முருகையன் நடுவர் மேடத்திடம் ஓடினான். "மேடம், இது எம்பொண்ணுங்க."

"கம்ப்யூட்டர் போட்டதுங்க, மாத்த முடியாது" என்றார் அவர். கூடவே ஒரு தகவலும் சொன்னார். பன்னிரண்டு வயதுக்குட்பட்ட பெண்களில் நான்கு புள்ளி எடுத்தால் மெடல். தமிழ்நிலா இந்த ஆட்டத்தை ஜெயித்தால் மெடல் அவளுக்குத்தான்.

வேலை இல்லாத பொழுதைப் போக்க மோகனும் அளத்து ஆட்கள் மூன்று பேரும் அந்த நேரம் பார்த்து வந்து சேர்ந்தார்கள். விஷயம் தெரிந்ததும் மோகனுக்குக் கண் கலங்கியது. "அப்புறம் இன்னாபா, வழக்கம்போல விட்டுக்குடுத்துடு, புள்ள மெடல் வாங்கட்டும்" என்று மண்டபம் முழுக்கக் கேட்கும்படி ரகசியம் பேசினான்.

தமிழ்நிலாவின் முகம் சிவந்தது. உட்கார்ந்ததும் பலகைக்கு மேல் குனிந்து சொன்னாள். "விட்டுக்குடுத்தேன்னு தெரிஞ்சுது, சாவற வரைக்கும் உங்கூட பேச மாட்டேன்."

விட்டுக்கொடுக்க என்னிடம் என்ன இருக்கிறது என்று முருகையனுக்கு அழுகையே வந்துவிட்டது. தோற்றால் மகள் நம்ப மாட்டாள். ஜெயிப்பது எப்படி என்று தெரியாது. வாயால் வந்த வினை.

ஆட்டம் வழக்கம்போலத்தான் போனது. அவள் நெருக்கினாள், இவன் ஒதுங்கினான். இடது கோடியில் ஒரு மந்திரியை எப்போதோ வைத்துவிட்டு மறந்திருந்தான். ராணியை மட்டும் முன்னால் கொண்டுபோய் அவளுடைய ராஜாவுக்கு எதிரே சும்மா நிறுத்தியிருந்தான். இருபதாவது நகர்த்தலில் தமிழ்நிலா தன் குதிரையைத் தூக்கி நடுவில் இருந்த சிப்பாயை வெட்டினாள். வெட்டிய இடத்திலிருந்து அந்தக் குதிரை அவன் ராணியையும் மிரட்டியது. அவள் காலை ஆட்ட ஆரம்பித்தாள்.

முருகையன் ராணியோடு ஓட இடம் தேடினான். தேடும்போது கண் இடது கோடிக்குப் போனது. மந்திரி நிற்கிறது. அதன் குறுக்குப் பாதையை இத்தனை நேரம் அந்தக் குதிரைதான் மறித்திருந்தது, இப்போது பாதை காலி. அந்தப் பாதையின் மறுமுனையில், அவளுடைய ராஜாவை ஒட்டி ஒரு சிப்பாய். ராணி அந்தச் சிப்பாயை வெட்டினால், பின்னால் மந்திரியின் காவல் இருக்கிறது. ராஜா வெட்ட முடியாது, நகர இடமும் இல்லை. ஆட்டம் முடிந்தது.

மூன்று முறை சரிபார்த்தான். இதைப் பார்க்காத மாதிரி ராணியை வேறு பக்கம் நகர்த்தினால் போதும். மகளுக்கு மெடல். அளத்தில் சொன்னது ஒரு தடவையாவது உண்மையாகிவிடும். ஓரக்கண்ணால் பார்த்தான். மகள் பலகையைப் பார்க்கவில்லை, அவன் முகத்தைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள், ரேஷன் கடையிலிருந்து வந்த நாள் முதல் பார்க்கும் அதே பார்வை.

அவன் அந்த நேரத்தில் நேர்மையை நினைத்தான், மகளின் மனதை நினைத்தான் என்று சொல்ல எனக்கும் ஆசைதான். கொஞ்சம் நினைத்திருப்பான். ஆனால் இரண்டு வருடமாக வாங்கிய அடியெல்லாம் சேர்ந்து அவன் கையைப் பிடித்து இழுத்தது. ராணி போய்ச் சிப்பாயை வெட்டியது.

தமிழ்நிலாவின் கால் ஆட்டம் நின்றது. அவள் குனிந்து பார்த்தாள். நிமிர்ந்து அவனுடைய இடது கோடியைப் பார்த்தாள்.

"அங்க மந்திரி இருக்குது" என்றாள். "உன் எதிர்ல ஒக்காந்தா எனக்கு மூடிதான்பா கண்ணுல வருது. மூடி இல்லன்னதும் அங்க ஒண்ணும் இல்லன்னே நெனச்சிட்டேன்."

இதெல்லாம் முருகையன் காதில் விழவே இல்லை. நாற்காலி பின்னால் சாய்ந்து விழ, அவன் எழுந்து நின்று இரண்டு கையையும் தூக்கிவிட்டான்.

"ஜெயிச்சுட்டேன்! டேய் மோகன், எம்பொண்ண ஜெயிச்சுட்டேன்டா! ரெண்டு வருசத்துல மொதல் தடவ! மொத்தத்துல இதான்டா மொதல் தடவ!"

ஐம்பது மேசையிலிருந்தும் தலைகள் திரும்பின. நடுவர் மேடம் உதட்டில் விரல் வைத்தார்.

"மொதல் தடவையா?" என்றான் மோகன். "அப்ப இத்தினி நாளும் விட்டுக்குடுத்தேன்னு சொன்னது?"

தூக்கிய கை அப்படியே நின்றது. மீசைக்காரன் இந்த முறை எதையாவது சொல்லித் தப்பித்துவிடுவான் என்றுதான் எல்லோரும் பார்த்தார்கள். முருகையன் மகளைப் பார்த்தான். மெடல் போன துக்கத்தில் அவள் கண்ணில் நீர் நிறைந்திருந்தது. ஆனால் உதடு மட்டும் சிரிப்பை அடக்க முடியாமல் ஒரு பக்கமாகக் கோணிக்கொண்டு போனது. அந்த ரேஷன் கடை நாளிலிருந்து ஆறு மாதமாக அவள் அவனைப் பார்த்துச் சிரித்ததே இல்லை.

கையை மெதுவாகக் கீழே இறக்கினான். "பொய்தான்டா. ஒரு ஆட்டங்கூட விட்டுக்குடுத்ததில்ல. என்னால முடிஞ்ச வரைக்கும் ஆடித்தான் அத்தனையும் தோத்தேன்."

மோகன் அவனைத் தாண்டிப் போய் அந்தப் பெண்ணுக்கு முன்னால் கையை நீட்டினான். "யம்மாடி, எத்தினி ஆட்டம்மா ஜெயிச்சிருப்ப?"

தமிழ்நிலா புறங்கையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு மோகனின் கையைப் பிடித்துக் குலுக்கினாள்.

"ஐநூத்திப் பதினொண்ணு, மாமா."

அத்தனை இருக்காது என்று முருகையனுக்கு வாய் வரைக்கும் வந்தது. ஆனால் எதிர்த்துப் பேச அவன் கையில் ஒரே ஒரு ஆட்டம்தான் இருந்தது. குனிந்து, விழுந்து கிடந்த நாற்காலியை நிமிர்த்தி வைத்தான்.