அமாவாசை ஆபீசர்

காஞ்சிபுரத்தில் வானத்தை முட்டி நிற்பவை மூன்று. ஏகாம்பரநாதர் கோயில் கோபுரம் ஒன்று, வரதராஜப் பெருமாள் கோயில் கோபுரம் இன்னொன்று. மூன்றாவது, நெசவுக்கார வீரபாகுவின் மகன் ராஜவேலு வாங்கிய பி.ஏ. பட்டம். அந்தப் பட்டத்தின் நிழலில்தான் அறுபத்தொன்பதாம் வருஷத்துக் கோடை முழுக்கத் தெருவே வெயிலுக்கு ஒதுங்கியது. பக்கத்துத் தெருவிலிருந்தும் ஆட்கள் வந்து ஒதுங்கினார்கள். இப்படித்தான் அவன் தங்கை கமலாட்சி ஊரெல்லாம் சொல்லிக்கொண்டு திரிந்தாள். அவள் எட்டாங்கிளாஸ் பெயில். வீட்டில் ராட்டையில் பட்டு நூல் சுற்றுகிறவள். அண்ணன் பட்டத்தின் உயரத்தை அளந்து சொல்ல அவளைவிடத் தகுதியானவர் யார்?

அவ்வளவு உயரமான பி.ஏ.வுக்கு வேலூரில் ஓர் ஆபீசில் குமாஸ்தா வேலை கிடைத்தது. ராஜவேலு தகரப் பெட்டியோடு போனான். மூன்றாம் வாரச் சனிக்கிழமை சாயங்காலம் வந்து நின்றான். ஞாயிறு இருந்தான். திங்கட்கிழமை அமாவாசை, அன்றும் இருந்தான். வீட்டில் ஒருவரும் ஒன்றும் கேட்கவில்லை. அமாவாசைக்கு அந்தத் தெருவில் ஒரு தறியும் ஓடாது. அது லீவு. சூரியன் கிழக்கே உதிக்கிறதா என்று யாராவது கேட்டுக்கொண்டிருப்பார்களா? காலேஜிலும் பாதி வகுப்பு நெசவாளர் பிள்ளைகள். அமாவாசைக்கு மட்டம் போட்டால் வாத்தியாரே கண்டுகொள்ளமாட்டார். ஆகவே, வேலூரில் சொல்லிவிட்டு வரவேண்டும் என்று பி.ஏ.வுக்குத் தோன்றவே இல்லை.

செவ்வாய்க்கிழமை வேலூர் ஆபீசில் அவன் மேஜைமேல் மெமோ காத்திருந்தது. சொல்லாமல் வராததற்கு ஒரு வாரத்துக்குள் விளக்கம் தரவேண்டும். இவனும் உள்ளதைச் சொன்னான். அமாவாசை, அதனால் வரவில்லை. ஆபீசே சிரித்தது. மத்தியானத்துக்குள் அவனுக்கு ‘அமாவாசை ஆபீசர்’ என்று பெயர் வைத்துவிட்டார்கள். வயிற்றுவலி என்று மீதி வாரத்துக்கு லீவு எழுதிக் கொடுத்துவிட்டு, புதன்கிழமை பெட்டியோடு திரும்பி வந்தான்.

“நான் போவல. தறியிலயே குந்திக்கிறேன்” என்றான்.

அப்பா அவனைச் சேலையின் கரைக்கு நூல் கோத்த நாடாவைத் தள்ளப் பக்கத்தில் உட்காரவைத்துக்கொண்டார். அவன் கோணலாகத் தள்ளிய கரையைச் சாப்பாட்டு வேளையில் சத்தமில்லாமல் பிரித்தார். பிரித்ததை ராஜவேலு பார்த்துவிட்டான். அன்று அவனுக்குச் சோறு இறங்கவில்லை.

“இன்னா ஆபீசர், சோறு மெமோ குடுத்துச்சா?” என்றாள் கமலாட்சி.

“சும்மா இருடி.”

“அங்க ஒருத்தருகூடவா உங்கிட்ட நல்லா பேசல?”

“குப்புசாமின்னு ஒருத்தரு. டீ வாங்கியாந்து வெப்பாரு. அவரு மட்டும் சிரிக்கல. எனக்கு சோறு பொங்கத் தெரியாது, துணி தோய்க்கத் தெரியாது. ஞாயித்துக்கெழம ரூம்ல செவுத்தப் பாத்துக்கினு கெடக்கறேன். பி.ஏ.ல இதெல்லாம் சொல்லிக் குடுக்கலையே, கமலா.”

இதற்கு அவளிடம் நாலு நக்கல் தயாராக இருந்தது. ஒன்றையும் சொல்லவில்லை. அண்ணன் வீட்டோடு இருந்துவிட்டால் அவளுக்குக் கொண்டாட்டம்தான். சண்டை போட ஆள் கிடைக்கும். ஆனால் இவன் இப்போது உட்கார்ந்தால், சாகிற வரைக்கும் பயந்து ஓடிவந்தவனாகத்தான் உட்கார்ந்திருப்பான்.

மறுநாள் காலையில் வேலூர் பஸ் கண்டக்டர் கையில் ஓர் இன்லண்டு லெட்டர் ஏறியது. அங்கே தபால்பெட்டியில் போடவேண்டும் என்று கண்டக்டருக்கு உத்தரவு. வேலூர் முத்திரையோடு சனிக்கிழமை அது ராஜவேலுவிடம் வந்து சேர்ந்தது.

‘பி.ஏ. தம்பிக்கு ஆபீஸ் குப்புசாமி எழுதிக்கொண்டது. மெமோ வாங்காத மனுஷன் இந்த ஆபீசில் கிடையாது. பெரிய ஆபீசரே வாங்கியிருக்கிறார், ஃபைலில் கோத்தவன் நான். பதில் மூணு வரி போதும். தெரியாமல் செய்தேன், இனிமேல் கேட்டுச் செய்வேன், மன்னிக்கவும். நாலாவது வரி எழுதினால் வம்பு. சிரிக்கிறவன் பத்து நாள் சிரிப்பான், அப்புறம் அவனுக்கே அலுத்துப்போகும். தெரியாததைக் காலையில் கேள், சாயங்காலம் கேட்டால் எல்லாரும் கடிப்பார்கள். தினம் ஒரே ஓட்டலில் சாப்பிடு. கேட்காமலே இரண்டாம் தடவை சட்னி ஊற்றினான் என்றால் அது உன் ஊர் ஆகிவிட்டது என்று அர்த்தம். சட்டையில் காலரைத் தேய், மிச்சத்தை யாரும் பார்ப்பதில்லை. சோறு குழைந்தால் கஞ்சி என்று சொல்லிக் குடித்துவிடு. ஞாயிற்றுக்கிழமை ரூமில் படுக்காதே, கோட்டைப் பக்கம் நட. வீட்டுக்கு லெட்டர் போடு. தங்கச்சி கிங்கச்சி இருந்தால் அதுக்குத் தனியாக ஒன்று போடு.’

ராஜவேலு அதை இரண்டு முறை படித்தான். பிறகு பேனாவை எடுத்து, மூன்றே வரியில் விளக்கம் எழுதி மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டான். கமலாட்சி ராட்டையை விட்டுத் தலைநிமிரவே இல்லை. அன்று அவள் சுற்றிய நூல் மட்டும் வழக்கத்தைவிட இரண்டு மடங்கு.

ஞாயிற்றுக்கிழமை பஸ் ஸ்டாண்டு வரை அவன் பெட்டியைத் தூக்க, அவள் புது வாளியையும் துணி காயப்போடும் கயிற்றையும் தூக்கிக்கொண்டு வந்தாள். வழிநெடுக குப்புசாமி புராணம்தான்.

“எவ்ளோ நல்ல மனுஷன், பாத்தியாண்ணா? அவரு பேச்ச தட்டாத.”

“தட்டல, தட்டல.” அவன் ஏறி ஜன்னலோரம் உட்கார்ந்து வாளியை வாங்கிக்கொண்டான். “ஆனா கமலா, அவரு எழுதுனதுதான் எனக்கு ஆச்சரியம்.”

“இன்னா ஆச்சரியம்?”

“சம்பள நோட்டுல குப்புசாமி கைநாட்டுதான் வெப்பாரு. அவரு பேருகூட அவருக்கு எழுதத் தெரியாது.”

கமலாட்சி வாயைத் திறந்தாள். ஊரையே ஏய்க்கிற அந்த வாயில் ஒரு பொய்கூட அகப்படவில்லை. பஸ் உறுமியது.

“அப்ப தெரிஞ்சேதான் போறியா?” என்றாள்.

“தெரிஞ்சேதான். மொத லெட்டரு உனக்குத்தான் தனியா போடுவேன்.” ஜன்னலுக்கு வெளியே தலையை நீட்டி அவன் சிரித்தான். “கண்ணுல தூசின்னு மட்டும் சொல்லாத. அதுவும் எனக்குத் தெரியும்.”